வீட்டு நாய், பூனைக்குக் கருத்தடை ஆபரேஷன்: ஏன், எப்போது, எதைப் பார்த்து

கேள்வி இது: கொருக்குப்பேட்டையில் வாரியக் குடியிருப்பில் இருக்கிறோம். 9 மாத நாட்டு நாய் ஒன்று, பெண். மூன்று வாரம் முன்பு முதல் முறையாக ஹீட்டுக்கு, அதாவது இணை சேரும் பருவத்துக்கு, வந்தது, இப்போது ரத்தம் நின்றுவிட்டது. 6 மாதக் கடுவன் பூனையும் இருக்கிறது. இரண்டுக்கும் ஆபரேஷன் கட்டாயமா? ஒரு தடவையாவது குட்டி போட்ட பிறகு செய்தால்தான் உடம்புக்கு நல்லது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள்.

இரண்டுக்கும் செய்துவிடுங்கள். பூனைக்குத் தடுப்பூசி போட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தால் இந்த வாரமே செய்யலாம். நாய்க்கு மட்டும் இன்னும் இரண்டு, இரண்டரை மாதம் பொறுக்க வேண்டும். ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

முதலில் பெரியவர்கள் சொல்வதைப் பார்ப்போம். ஒரு முறை குட்டி போடுவதால் நாய்க்கு உடம்பளவில் எந்த நன்மையும் கிடையாது. தாயாகவில்லையே என்று அது ஏங்குவதும் இல்லை, அந்த ஏக்கம் நம்முடையது. தள்ளிப்போடுவதில் நஷ்டம்தான் உண்டு. பெண் நாய்களுக்கு வரும் கட்டிகளில் மிகச் சாதாரணமானது மார்புக் கட்டி, அதில் ஏறக்குறைய பாதி புற்றுநோயாக இருக்கும். பூனைகளுக்கு வந்தால் பத்தில் எட்டுக்கு மேல் புற்றுநோய்தான். ஆபரேஷனே செய்யாத நாய்களின் ஆபத்தை நூறு என்று வைத்தால், முதல் ஹீட்டுக்கு முன்பே கருத்தடை செய்த நாய்களுக்கு அது 0.5, ஒரு ஹீட்டுக்குப் பிறகு 8, இரண்டுக்குப் பிறகு 26 என்று 1969இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு சொன்னது. டாக்டர்கள் இன்றும் அந்த எண்களைத்தான் சொல்வார்கள். பிற்காலத்தில் அலசியவர்கள் ஆதாரம் அவ்வளவு உறுதியாக இல்லை என்றார்கள், ஆகவே புள்ளி விவரத்தை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஹீட் கூடக் கூட ஆபத்தும் கூடும் என்றுதான் பெரும்பாலான மருத்துவர்கள் கருதுகிறார்கள். உங்கள் நாய்க்கு ஒரு ஹீட் போய்விட்டது. இரண்டாவது வருவதற்குள் முடித்துவிடலாம், அதற்கு நேரம் இருக்கிறது.

மார்புக் கட்டியைவிட நான் அதிகம் பயப்படுவது கருப்பையில் சீழ் பிடிப்பதற்கு. பயோமெட்ரா என்பார்கள். ஆபரேஷன் செய்யாத பெண் நாய்களில் ஐந்தில் ஒன்றுக்காவது பத்து வயதுக்குள் இது வருகிறது. ஹீட் முடிந்ததும், இணை சேர்ந்தாலும் சேராவிட்டாலும், நாயின் உடம்பில் புரொஜெஸ்டரோன் என்ற ஹார்மோன் இரண்டு மாதம்போல் உயர்ந்தே இருக்கும். கருப்பையின் உள்சுவர் தடித்து நீர் சுரக்கும், அங்கே எதிர்ப்புச் சக்தி குறையும். ஹீட் நேரத்தில் கருப்பை வாய் திறந்திருந்தபோது உள்ளே போன கிருமி, பெரும்பாலும் மலத்தில் இருக்கிற ஈ-கோலை, அந்தச் சுவரில் பெருகும். ஒவ்வொரு ஹீட்டுக்குப் பிறகும் இது மறுபடி நடப்பதால் வயது ஏற ஏறச் சுவர் கெட்டுக்கொண்டே போகும். ஹீட் முடிந்து நாலிலிருந்து எட்டு வாரத்தில் நாய் சோர்ந்து படுக்கும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், வாந்தி எடுக்கும். கருப்பை வாய் திறந்திருந்தால் பின்பக்கம் நாற்றத்தோடு சீழ் வடியும், கண்டுபிடித்துவிடலாம். மூடியிருந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. வயிறு மட்டும் உப்பும், ‘நல்லா தின்னுட்டு குண்டாயிடுச்சு’ என்று விட்டுவிடுவார்கள். அதற்கும் வழி அதே ஆபரேஷன்தான், ஆனால் அப்போது ரத்தத்தில் விஷம் ஏறிய நாய்க்கு ராத்திரி நேரத்தில் அவசரமாகச் செய்ய வேண்டியிருக்கும். செலவும் ஆபத்தும் பல மடங்கு.

இந்த இடத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘ஒரு ஊசி போட்டா ஹீட்டே வராது, ஆபரேஷன் எதுக்கு’ என்று யாராவது சொன்னால் போடவே போடாதீர்கள். அந்த ஊசி செயற்கைப் புரொஜெஸ்டரோன். மேலே சொன்ன சீழ் நோயை அதுவே வரவழைக்கும். பூனைக்குப் போட்டால் மார்பு வீங்கும், சர்க்கரை நோயும் வரலாம்.

ஆண் விலங்குக்கு என்ன லாபம் என்று கேட்பார்கள். ஐந்து வயது தாண்டிய, விதை எடுக்காத ஆண் நாய்களில் பெரும்பாலானவற்றுக்குப் புராஸ்டேட் வீங்கியிருக்கும். மலம் போக முக்கும், சிறுநீரில் ரத்தம் வரும். விதைப் புற்றுநோயும் ஆசனவாயைச் சுற்றி வரும் கட்டிகளும் வயதான ஆண் நாய்களுக்குச் சகஜம். ஒரு விதை கீழே இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டிருந்தால் அது பிற்பாடு புற்றாக மாறும் வாய்ப்பு பல மடங்கு, அப்படிப்பட்ட நாயை விட்டுவைக்கவே கூடாது. புராஸ்டேட் புற்றுநோயை மட்டும் இந்த ஆபரேஷன் தடுக்காது. தடுக்கும் என்று சொல்கிறவர்கள் வீக்கத்தையும் புற்றையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.

கடுவன் பூனைக்கு லாபம் உடனே தெரியும். ஆறேழு மாதத்தில் அது சுவர், பீரோ, துணி மூட்டை என்று வாலைத் தூக்கிச் சிறுநீரைப் பீச்ச ஆரம்பிக்கும். ஒற்றை அறை வீட்டில் அந்த நாற்றத்தோடு குடும்பம் நடத்த முடியாது, எதைப் போட்டுக் கழுவினாலும் போகாது. பழக்கம் ஊறும் முன்பே செய்தால் பத்தில் ஒன்பது பூனை பீச்சாது. மொட்டை மாடிக்கு மாடி தாவிப் போய்ச் சண்டை போட்டு, கடிபட்டு, முகத்தில் சீழ்க்கட்டியோடு திரும்புவதும் குறையும். கடியில்தான் பூனைகளுக்கிடையே எய்ட்ஸ் போன்ற வைரஸ் பரவுகிறது. அது மனிதருக்கு வராது, பூனைக்கு மருந்தும் கிடையாது.

இனி நம் பகுதிக்கே உரிய காரணம். வடசென்னையில் வீட்டு நாய் தனி, தெரு நாய் தனி என்று பிரித்து வைப்பது நடைமுறையில் நடக்காது. கதவைத் திறந்தால் தெரு. ஹீட்டின் முதல் எட்டு, ஒன்பது நாள் சிவப்பாக ரத்தம் சொட்டும்போது எல்லோரும் உஷாராக இருக்கிறார்கள், அப்போது பெண் நாய் ஆணை அண்டவே விடாது. பிறகு நிறம் வெளுத்து வைக்கோல் நிறமாகும். ‘அப்பாடா, நின்னுடுச்சு’ என்று கயிற்றை அவிழ்ப்பது அந்த நேரத்தில்தான். கரு தரிக்கும் நாட்களும் அவையேதான். ரத்தம் தெரிந்த நாளிலிருந்து முழுதாக மூன்று வாரம் கட்டிக் காக்க வேண்டும். படிக்கட்டில் இறங்கி ஏறும் ஐந்து நிமிடம் போதும், 63 நாளில் ஐந்தாறு குட்டி. ஒரே ஈற்றில் இரண்டு, மூன்று அப்பன்களும் இருக்கலாம். ஆண் குட்டிகளை யாராவது கேட்டு வாங்கிக்கொள்வார்கள். பெண் குட்டிகள் கோணிப்பையில் காசிமேட்டுக்கோ கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் பக்கமோ போகும். பிழைத்தவை அடுத்த வருடமே குட்டி போடும்.

தெரு நாய்களோடு சேர்வதால் இன்னொரு நோய் ஒட்டிக்கொள்கிறது. டி.வி.டி. என்கிற இனப்பெருக்க உறுப்புக் கட்டி. இணை சேரும்போது ஒரு நாயின் புற்றணுக்களே மற்ற நாயின் உடம்பில் ஒட்டி வளரும், காலிஃபிளவர் போலச் சதை துருத்தும், ரத்தம் சொட்டும். ஹீட் இன்னும் நிற்கவில்லை என்றோ சிறுநீர்க் கோளாறு என்றோ நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். ரத்தச் சொட்டு ஒரு மாதம் தாண்டினால் இதைச் சந்தேகப்படுங்கள். வின்கிறிஸ்டின் ஊசி வாரம் ஒன்றாக நாலு முதல் ஆறு வாரம் போட்டால் பெரும்பாலும் முழுதாகக் குணமாகும், பாதியில் நிறுத்தக் கூடாது. ஆண் நாய்களுக்கு இதோடு வண்டி ஆபத்தும் சேரும். எங்கோ ஒரு பெண் நாய் ஹீட்டில் இருந்தால் வாசனை பிடித்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடும், எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலி சாலையிலும் கன்டெய்னர் லாரி நாய்க்காக நிற்காது.

1996 வரை சென்னை மாநகராட்சி தெரு நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. எத்தனை கொன்றும் எண்ணிக்கை குறையவில்லை. புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1960களிலிருந்தே கேட்டுவந்த கருத்தடை, தடுப்பூசி வழிக்கு அதன் பிறகுதான் மாறினார்கள். இப்போது தெரு நாய்களை மாநகராட்சி பிடித்துப் புளியந்தோப்பு போன்ற மையங்களில் ஆபரேஷன் செய்து, காதில் அடையாள வெட்டு போட்டு, பிடித்த தெருவிலேயே விடுகிறது. உங்கள் தெருவில் காது வெட்டு இல்லாத நாய் இருந்தால் மாநகராட்சியின் 1913 தொலைபேசி எண்ணுக்குச் சொல்லலாம். வீட்டு நாய்க்கு இது பொருந்தாது. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், வளர்ப்புப் பிராணியின் கருத்தடையும் தடுப்பூசியும் வளர்ப்பவர் பொறுப்பு என்றே சொல்கின்றன. வீட்டுக்கு வீடு ஒரு பெண் நாய் குட்டி போட்டுக்கொண்டிருந்தால், மாநகராட்சி வேன் எத்தனை சுற்று சுற்றினாலும் பயன் இருக்காது.

பாதகமே இல்லையா என்றால், உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு பசி கூடும், செலவாகும் சக்தி குறையும். பழைய அளவுக்கே சோறு போட்டால் ஆறே மாதத்தில் குண்டாகும், அளவைக் கால் பங்கு குறைத்துவிடுங்கள். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், அது போதும். சில பெண் நாய்களுக்கு, முக்கியமாகப் பெரிய சாதிகளுக்கு, நடுவயதில் தூக்கத்தில் சிறுநீர் கசியும், மாத்திரையில் அடங்கும். லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்றவற்றுக்கு ஒரு வயதுக்கு முன்பே செய்தால் மூட்டுக் கோளாறு கூடுகிறது, சில வகைப் புற்றுநோய் கூடுவதாகவும் ஆய்வுகள் உண்டு. அவற்றுக்கு 12 முதல் 18 மாதம் வரை காத்திருப்பது நல்லது. நாட்டு நாய்க்கும் சின்ன சாதிகளுக்கும் 6 மாதம் சரி. பூனைக்கு ஆணோ பெண்ணோ 5 மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும், பெண் பூனை நாலு மாதத்திலேயே ஹீட்டுக்கு வரக்கூடும், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகும். கடிக்கிற நாய்க்கு ஆபரேஷன் செய்தால் கடி நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பயத்தில் கடிக்கிற நாய் பிறகும் கடிக்கும்.

இப்போது நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் விஷயம்: ரத்தப் பரிசோதனை. சென்னையில் உண்ணிக் காய்ச்சல் இல்லாத தெருவே இல்லை. எர்லிகியா என்ற கிருமி உண்ணி மூலம் ஏறினால், நாய் வெளியே துள்ளிக்கொண்டிருந்தாலும் உள்ளே ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் சரிந்திருக்கும். நாய்க்கு இது சாதாரணமாக 2 முதல் 5 லட்சம் இருக்க வேண்டும். ஒரு லட்சத்துக்குக் கீழே இருக்கும் நாயை மேசையில் ஏற்றினால் கட்டிய ரத்தக்குழாயிலிருந்தும் தையல் ஓரங்களிலிருந்தும் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கலாம். ‘மயக்க ஊசியில செத்துப்போச்சு’ என்று சொல்லப்படும் சாவுகளில் சில இந்த ரத்தக் கசிவாகத்தான் இருக்கும். ஆகவே முழு ரத்த எண்ணிக்கை, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், ஈரலுக்கு ஏ.எல்.டி. இந்த மூன்றும் ஒரு வாரத்துக்குள் எடுத்ததாக இருக்கட்டும். பிளேட்லெட் குறைவு என்றால் டாக்ஸிசைக்ளின் நாலு வாரம் கொடுத்து, மறுபடி பார்த்து, பிறகு தேதி வையுங்கள். ‘சின்ன நாய்தானே, டெஸ்ட் எதுக்கு’ என்று தட்டிக்கழிக்கும் இடத்தில் செய்ய வேண்டாம்.

டாக்டரிடம் இன்னும் சில கேளுங்கள். மயக்கம் கொடுத்த பிறகு மூச்சையும் துடிப்பையும் பார்க்கத் தனி ஆள் உண்டா? தொண்டையில் குழாய் போடுவார்களா? நரம்பில் ஊசி வழி திறந்தே இருக்குமா? வலி மருந்து எத்தனை நாளைக்கு? ராத்திரி ரத்தம் வந்தால் யாரைக் கூப்பிடுவது? பக், ஷிட்ஸு, பெர்ஷியன் பூனை போன்ற சப்பை மூக்குக்காரர்களுக்கு முதல் இரண்டு கேள்வியும் உயிர்க் கேள்வி. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, 1903இல் தொடங்கிய கல்லூரி, வடசென்னைக்குப் பக்கம். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கித் தேதி கேட்க வேண்டும். சிக்கலான கேஸ் என்றால் அங்கே போவதே நல்லது. ரேபிஸ் ஊசியும் மற்றத் தடுப்பூசியும் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டிருக்க வேண்டும். மாநகராட்சி உரிமத்துக்கும் அந்த ரேபிஸ் சான்று வேண்டும், அந்தச் சான்று திரு.வி.க. நகர் மாநகராட்சிப் பிராணிகள் மருத்துவமனையிலும் கிடைக்கும்.

மாதமும் பாருங்கள். கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, மயக்கம் தெளியாத நாய் தவித்துப்போகும். ஐப்பசி, கார்த்திகையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டைப் பக்கம் தண்ணீர் நின்றால் தையலில் சாக்கடை படும். தள்ளிவைக்க வாய்ப்பு இருந்தால் தை முதல் பங்குனி வரை வசதி. பெண் பூனைக்கு மட்டும் மாதம் பார்த்துக் காத்திருக்காதீர்கள், அதற்குள் சினையாகிவிடும்.

முந்தின ராத்திரி பத்து மணிக்கு மேல் சாப்பாடு கிடையாது. தண்ணீரைக் கிளம்பும் வரை வைக்கலாம். ‘பசியில வாடுதே’ என்று காலையில் இரண்டு பிஸ்கட் போடுவது மிக ஆபத்து. மயக்கத்தில் வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் போய்விடும். யாராவது போட்டுவிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லித் தேதியை மாற்றுங்கள். பெண்ணுக்கு வயிற்றின் நடுக்கோட்டிலோ இடுப்புப் பக்கவாட்டிலோ கீறி, சினைப்பைகளையும் கருப்பையையும் எடுப்பார்கள். ஆணுக்கு விதைகளை எடுப்பார்கள். கடுவன் பூனைக்குப் பெரும்பாலும் தையலே இருக்காது. மண் ஒட்டாமலிருக்க ஒரு வாரம் கழிப்பிடத் தட்டில் மணலுக்குப் பதில் கிழித்த செய்தித்தாளைப் போடுங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி தரையில் கோணி விரித்துப் படுக்க வையுங்கள். கட்டில், சோபா வேண்டாம், தள்ளாடி விழும். நன்றாக நின்று நடந்த பிறகே கொஞ்சம் தண்ணீர், பிறகு பாதி வயிற்றுக்குச் சோறு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் சிவக்க வேண்டும். ஈறு வெள்ளையாகி, வயிறு உப்பி, நாய் துவண்டு கிடந்தால் உள்ளே ரத்தம் போகிறது, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஈறு ஏற்கெனவே கறுப்பாக இருக்கும் நாய்க்குக் கீழ் இமையை இறக்கி உள்பக்க நிறத்தைப் பாருங்கள்.

பத்திலிருந்து பதினாலு நாள் தையலை நக்கவே விடக்கூடாது. நாய் நினைத்தால் ஐந்து நிமிடத்தில் அத்தனை தையலையும் பிரித்துவிடும், குடல் வெளியே வந்த கேஸ்கள் உண்டு. பிளாஸ்டிக் கூம்பு மாட்டுங்கள். சின்ன வீட்டில் கூம்போடு முட்டி மோதினால், பழைய பனியனை எடுத்து முன்கால்களைக் கைத் துளைகளில் விட்டு, மிச்சத் துணியை இடுப்புக்கு மேல் முடிச்சுப் போடலாம். கடித்துக் கிழிக்கிற நாய்க்குக் கூம்புதான். குளிப்பாட்டக் கூடாது, மாடிப்படி ஏறவிடக் கூடாது, சிறுநீருக்குக் கயிற்றில் பிடித்துப் போய்வாருங்கள். மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். ஈரமாக இருக்கும் புண்ணில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைக்கும், காலையும் மாலையும் தையலைப் பாருங்கள். லேசான வீக்கம் சரி. சிவந்து சுடுவது, சீழ், நாற்றம், தையல் விலகுவது எதுவும் சரியில்லை. ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாவிட்டாலும் போய்க் காட்டுங்கள். வலிக்கிறதே என்று வீட்டு மாத்திரை கொடுக்காதீர்கள். பாரசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும், ஐபுபுரூஃபன் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

ஆண் விலங்கு ஆபரேஷன் முடிந்த அன்றே மலடாகிவிடாது. நாலிலிருந்து ஆறு வாரம் வரை உள்ளே மிச்ச விந்து இருக்கும், அதுவரை பெண்ணோடு விடாதீர்கள். ஆபரேஷன் ஆன பெண் நாயோ பூனையோ மாதங்கள் கழித்து மறுபடி ஹீட் அடையாளம் காட்டினால் சினைப்பையில் ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டது என்று பொருள். அதை மறுபடி திறந்து எடுக்க வேண்டும்.

உங்கள் நாய்க்கு ஏன் பொறுக்கச் சொன்னேன் என்றால், ஹீட் முடிந்த கையோடு கருப்பைக்கு ரத்த ஓட்டம் அதிகம், குழாய்கள் தடித்திருக்கும், ரத்தச் சேதம் கூடும். ஹீட் முடிந்து ஆறு, எட்டு வாரத்தில் பொய்ச் சினை வேறு வரலாம். மடி கட்டும், செருப்பையும் பொம்மையையும் குட்டியாக நினைத்து மூலையில் சேர்க்கும். அந்த நேரத்தில் செய்தால் பால் சுரப்பது மாதக்கணக்கில் நிற்காமல் போகலாம். இரண்டரை, மூன்றாம் மாதத்தில் எல்லாம் அடங்கியிருக்கும், அடுத்த ஹீட்டுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கும். மடியை அமுக்கிப் பால் வருகிறதா என்று பார்க்காதீர்கள், அமுக்க அமுக்கச் சுரக்கும். நடுவில் அதிகத் தண்ணீர் குடித்தாலோ வாந்தி எடுத்தாலோ தேதிக்குக் காத்திருக்காமல் போங்கள்.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். இந்த மூன்று வாரத்தில் நாய் ஒரு தடவையாவது கண்ணுக்குத் தப்பிக் கீழே இறங்கியிருந்தால், அந்த நாளிலிருந்து ஒரு மாதம் கழித்து வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பாருங்கள், சினை தெரிந்துவிடும். சினையாக இருந்தால் ஆரம்பத்திலேயே கருப்பையோடு சேர்த்து எடுக்க முடியும். ரத்த இழப்பு கொஞ்சம் கூடும், அதனால் அனுபவமுள்ள கை வேண்டும், பிளேட்லெட் சரியாக இருக்க வேண்டும். கடைசி வாரங்கள் வரை விட்டால் குட்டிகளுக்கு ஆள் பிடித்து வைத்துவிட்டு, பால் மறந்து மடி வற்றிய பிறகுதான் தாய்க்குத் தேதி வாங்க வேண்டியிருக்கும்.